அறிவிப்பில் வரும் எண் வேறு, பிரீமியம் கட்டிய எண் வேறு

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அட்டை இருக்கிறது. அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அட்டையைப் பார்த்துவிட்டு, இதில் அம்மா பெயர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கித்தான் ஆபரேஷன் செய்தோம். அந்த ஒரு கோடிக் கணக்கை எப்படி நம்புவது? எங்கள் பெயரில் கம்பெனி பணம் வாங்கியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?”

வழி உண்டு. ஆனால் முதலில் அம்மா விஷயம். அம்மாவின் பெயர் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறது? தனியார் மருத்துவமனை ஒன்றின் காப்பீட்டு மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்தவன் நான். ‘அட்டை இருக்கு, பேர் இல்லை’ என்று திரும்பிப் போனவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். அம்மா சின்ன மகன் வீட்டில் இருப்பார், பெயர் பெரிய மகன் கார்டில் இருக்கும். இந்தத் திட்டத்துக்குக் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் உள்ள குடும்பம்தான். மேசையில் இருப்பவர் நீங்கள் நீட்டிய அட்டையின் எண்ணை மட்டும் தட்டிப் பார்ப்பார், அண்ணன் கார்டையும் பார்க்கட்டுமா என்று கேட்க மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும். திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் கார்டு எண்ணைக் கொண்டு தேடலாம். இல்லையென்றால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். எந்தக் கார்டிலும் அம்மா இல்லையென்றால், முதலில் ரேஷன் கார்டில் பெயரைச் சேர்த்துவிட்டு, வருமானச் சான்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். ஆண்டு வருமான வரம்பு 2022 முதல் 1,20,000 ரூபாய். அதற்கு முன் 72,000 ஆக இருந்தது. அப்போது தகுதி இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் பலர் இன்னும் திரும்பப் போய்க் கேட்கவே இல்லை.

ஏற்கெனவே கையிலிருந்து கட்டிய பணம்? இது ரொக்கமில்லா சிகிச்சைத் திட்டம். பில்லைக் கொடுத்துப் பின்னால் பணம் வாங்கும் வழி பொதுவாக இதில் இல்லை. ஆனால் அண்ணன் கார்டில் அம்மா பெயர் அன்றைக்கே இருந்திருந்தால் நிலைமை வேறு. திட்டத்தில் உள்ள மருத்துவமனை, திட்டத்தில் உள்ள சிகிச்சைக்கு, தகுதியுள்ளவரிடம் பணம் வாங்கியது என்பது புகாராகும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி அந்த ஒரு கோடி. ‘சேர்ந்தவர்கள்’ என்று செய்தியில் வருகிற எண் ஒரே பொருளில் வருவதில்லை. 2018 செப்டம்பரில், மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான பிரதமரின் ஜன் ஆரோக்கிய யோஜனா (தமிழ்நாட்டில் இது முதலமைச்சர் திட்டத்தோடு இணைந்தே நடக்கிறது) தொடங்கியபோது 10.74 கோடி குடும்பங்கள், சுமார் 50 கோடி மக்கள் என்றார்கள். அவர்களில் யாரும் வரிசையில் நின்று சேரவில்லை. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் ஏழைக் குடும்பம் என்று பதிவானவர்களின் பட்டியல் அது. அதாவது தகுதியுள்ளவர்கள். அதில் அட்டை வாங்கியவர்கள் ஓர் எண், ஆதாரில் சரிபார்த்தவர்கள் இன்னோர் எண், இன்று உயிரோடும் தகுதியோடும் இருப்பவர்கள் வேறோர் எண். சில நேரம் குடும்பம், சில நேரம் தலை. மேடையில் பேசுகிறவர் இதில் பெரியதை எடுத்துக்கொள்வார். அது பொய் ஆகாது, ஆனால் அதற்கு உங்கள் அம்மாவோடு சம்பந்தம் இல்லை.

கம்பெனிக்குப் போகும் காசைத் தீர்மானிப்பது இன்னொரு எண். தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்த நாள்முதல், 2012 ஜனவரியில் அதற்குப் பதிலாக இன்றைய திட்டம் வந்த பிறகும், காப்பீட்டு நிறுவனம் வழியாகத்தான் நடக்கிறது. நாட்டில் பல மாநிலங்கள் கம்பெனி இல்லாமல், அரசின் அறக்கட்டளை நேரடியாக மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும் முறைக்குப் போய்விட்டன. கம்பெனி இருக்கும் இடத்தில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசு ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும். குடும்பத்தில் இருவர் என்றாலும் ஐவர் என்றாலும் அதே தொகை. ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: உங்கள் அட்டை உயிரோடு இருந்தால் அதற்குப் பிரீமியம் போயிருக்கும், அம்மா பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பெயர் விடுபட்டதால் கம்பெனிக்கு நஷ்டம் ஏதும் இல்லை, ஒரு வயதானவரின் செலவு மிச்சம். வேண்டுமென்றே விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. விடுபட்டதைத் தேடிச் சேர்க்க அவர்களுக்கு அவசரம் இல்லை என்கிறேன்.

உங்கள் சந்தேகம் வெறும் வயிற்றெரிச்சல் அல்ல என்பதற்கு அரசாங்கத்தின் சொந்தக் காகிதமே இருக்கிறது. அந்தப் பிரதமர் திட்டத்தின் 2018 செப்டம்பர் முதல் 2021 மார்ச் வரையிலான காலத்தைத் தணிக்கை செய்த சிஏஜியின், அதாவது அரசுக் கணக்குகளின் தலைமைத் தணிக்கையாளரின், அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நாடு முழுக்க 7,49,820 பயனாளிகளுக்கு ஒரே செல்போன் எண் பதிவாகியிருந்தது: பத்து ஒன்பதுகள். தமிழ்நாட்டில் ஏழே ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். ஒன்பதுகள் விஷயத்தில் மீம் போட்டவர்கள் ஏழரை லட்சமும் போலி ஆட்கள் என்று முடிவு கட்டினார்கள். அது தவறு. செல்போன் எண்ணை வைத்து யாரையும் சரிபார்ப்பதில்லை, அது வெறும் தொடர்புக்குத்தான் என்று அரசு விளக்கம் சொன்னது. நான் பார்த்தவரை அது நம்பக்கூடியதே. கட்டத்தை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது, வெளியே நூறு பேர் நிற்கிறார்கள், ஒன்பதைப் பத்து முறை அழுத்திவிடுவது கைக்கு எளிது.

ஆனாலும் அதை லேசாக விட முடியாது. உங்கள் பெயரில் ஒரு சிகிச்சை பதிவானால் குறுஞ்செய்தி போகவேண்டிய எண் அது. எங்கள் மேசைக்கு ஒருமுறை ஒரு பெரியவர் வந்தார். அவர் பெயருக்கு எதிரே இருந்தது, அவருக்கு மனு எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரரின் எண். நான்கு வருடச் செய்திகளும் அந்தக் கடைக்காரருக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பெரியவரின் பெயரில் யாராவது சிகிச்சைக் கணக்குக் காட்டியிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அதே தணிக்கை, ஏற்கெனவே இறந்ததாகப் பதிவான 3,446 நோயாளிகளின் பெயரில் 6.97 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டதையும் எழுதியது. நோயாளி சேர்ந்து மூன்று நாள் வரை தாமதமாகச் சிகிச்சைக்கு அனுமதி கேட்க மருத்துவமனைக்கு இடம் உண்டு என்பதால் அதில் சில வெறும் தேதிக் குழப்பமாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது.

அந்த அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு வரிதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. தமிழ்நாட்டில், இந்தத் திட்டத்தில் இருக்கக் கூடாத 1,07,040 ஓய்வூதியர்கள் பயனாளிகள் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுக்காக அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டிய பிரீமியம் சுமார் 22.44 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஏறக்குறைய 2,100. சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும், பட்டியலில் பெயர் இருந்ததற்காகவே போன பணம். ‘எத்தனை பேர் சேர்ந்தார்கள்’ என்று கேட்டால் இது வெளியே வராது. ‘எத்தனை பேருக்குப் பிரீமியம் கட்டினீர்கள்’ என்று கேட்டால்தான் வரும்.

சரி, அதை யாரிடம் எப்படிக் கேட்பது? தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், திட்டத்தை நடத்தும் மாநிலச் சுகாதாரத் துறை அமைப்பின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள், கட்டணம் பத்து ரூபாய். ‘ஊழல் நடந்ததா’ என்று எழுதினால் பதில் வராது, அது தகவல் அல்ல, கருத்து. ஆண்டையும் மாவட்டத்தையும் குறிப்பிட்டு எண்களைக் கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் எத்தனைக் குடும்பங்களுக்குப் பிரீமியம் கட்டப்பட்டது, குடும்பத்துக்கு எவ்வளவு, அந்த ஆண்டு சிகிச்சைகளுக்காகக் கம்பெனி கொடுத்த மொத்தக் கிளெய்ம் தொகை என்ன, இரட்டைப் பதிவு என்றும் இறந்தவர் என்றும் நீக்கிய பெயர்கள் எத்தனை, செலவாகாத பிரீமியத்தில் கம்பெனி திருப்பித் தந்தது எவ்வளவு. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கிளெய்ம் குறைவாக இருந்தால் நிர்வாகச் செலவு போக மிச்சத்தைக் கம்பெனி திருப்பித் தரவேண்டும் என்று பிரதமர் திட்டத்தின் மாதிரி ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்தப் பணம் திரும்பி வந்ததா என்று பொதுமக்கள் கேட்டு நான் பார்த்ததே இல்லை. மற்றவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்காதீர்கள், தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். உங்கள் அட்டையின் முழுக் கணக்கை, எந்தெந்தத் தேதியில் எந்த மருத்துவமனை எவ்வளவு எடுத்தது என்பதை, நீங்கள் கேட்கலாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. யுனைடெட் இந்தியா போல அரசுடைமை நிறுவனம் என்றால் அதற்கே தனி மனு போடலாம். தனியார் நிறுவனம் இந்தச் சட்டத்துக்குள் நேரடியாக வராது, அதனால் அதன் விவரத்தையும் துறையிடமே கேளுங்கள்.

மருத்துவமனை மீதான புகாருக்கு ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குறைதீர் குழு இருக்கிறது. ‘நாற்பதாயிரம்தான் அப்ரூவல் வந்தது, மீதியைக் கட்டுங்கள்’ என்று கேட்பது அன்றாடம் நடக்கிற விஷயம். படுக்கை, அறுவை, மருந்து, பரிசோதனை எல்லாம் பேக்கேஜுக்குள், அதாவது அந்தச் சிகிச்சைக்குத் திட்டம் கொடுக்கும் மொத்தத் தொகைக்குள், அடக்கம், தனியே கேட்கக் கூடாது. கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். முன் அனுமதி மறுக்கப்பட்டது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘கம்பெனி ரிஜெக்ட் பண்ணிட்டாங்க’ என்று வாயால் சொன்னதில் பல, கம்பெனிக்கு அனுப்பப்படவே இல்லாதவை. இலவசமாகப் பார்த்த நோயாளி நுகர்வோர் ஆகமாட்டார் என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்த சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லியிருக்கிறது.

அப்புறம் ஒன்று. அண்ணன் அட்டையோ உங்கள் அட்டையோ, அதில் எந்தச் செல்போன் எண் பதிவாகியிருக்கிறது என்று அந்த மையத்திலேயே கேட்டு, உங்கள் எண்ணை மாற்றிக்கொண்டு வாருங்கள்.