முள் எப்போது ஏறுகிறது?

கத்திரி வெயில் தொடங்கினால் வேலூரில் என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதி 'ஹீட் ஆகுது' என்றுதான் வரும். வெயில் மேல் பழி போட்டுவிடலாம். ஆனால் எஞ்சினுக்குள் எப்போதும் ஏறக்குறைய 90 டிகிரி. வெளியே 42 டிகிரி என்பது நல்ல வண்டிக்குப் பெரிய விஷயமே இல்லை. எனவே நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எப்போது ஏறுகிறது? பல ஊர்க்காரர்கள் கேட்டதும் என் பதிலும் இதோ.

சத்துவாச்சாரி: கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றால் முள் ஏறுகிறது, ஹைவேயில் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள் அண்ணா.

மாற்றாதீர்கள் தம்பி. ரேடியேட்டருக்குள் வரும் எஞ்சினின் சூட்டு நீரை ஆற்றுவது காற்றுதான். ஓடும்போது காற்று தானாக வருகிறது. நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஏசியைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் உடனே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, அப்புறம் மோட்டார். இந்த வரிசையில் பார்த்தால் செலவு குறையும். கையை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சில வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகும் திடீரென்று சுற்றும்.

ஆம்பூர்: எனக்கு நேர்மாறு. ஊருக்குள் ஒன்றுமில்லை. வேலூர் வரும்போது 90 கி.மீ. வேகத்தில் போனால் பள்ளிகொண்டா டோல் வருவதற்குள் முள் மேலே போகிறது.

என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? போர் தண்ணீர் என்றுதான் சொல்வீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும். மெதுவாகப் போகும்போது சமாளிக்கும். வேகத்தில் எஞ்சின் தள்ளும் சூட்டை வெளியேற்ற வழி இருக்காது. பழைய செம்பு ரேடியேட்டர் என்றால் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். இப்போது வரும் அலுமினியம், பிளாஸ்டிக் சேர்ந்ததற்கு அந்த வேலை சரிவராது; மோசமாக அடைத்திருந்தால் புதிதுதான்.

அதற்கு முன் இரண்டு பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் புழுதியும் பூச்சியும் மெத்தைபோல் அடைந்திருக்கும். இரண்டாவது, யாராவது ரேஸ் கொடுக்கும்போது கீழ் ஹோஸ் சப்பிப் போகிறதா என்று கவனியுங்கள். போனால் ஹோஸை மாற்றினாலே தீர்ந்துவிடலாம். இனி போர் தண்ணீர் வேண்டாம், எஞ்சினை ஆற்றும் திரவமான கூலன்ட்தான். கெட்டிக் கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்ட் வாட்டரில் பாதிக்குப் பாதி.

குடியாத்தம்: மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம். எஞ்சின் சூடாகும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறவே நேரமாகும், மைலேஜ் குறையும், உண்மையான கோளாறும் மறைந்துகொள்ளும். புதிதாக ஒன்று போடுங்கள்.

ராணிப்பேட்டை: ரேடியேட்டர் மூடி எதுவாக இருந்தால் என்ன?

அது வெறும் மூடி இல்லை சார். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் நீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ரப்பர் செத்துப்போனால் வழியிலேயே கொதிக்கும். மேலே 0.9, 1.1 என்று அழுத்த எண் இருக்கும். அதே எண்ணில் வாங்குங்கள்.

ஆரணி: எங்கும் ஒழுகவில்லை. ஆனால் வாரம் அரை லிட்டர் கூலன்ட் காணாமல் போகிறது.

இதுதான் எனக்குப் பிடிக்காத கேள்வி அம்மா. காலையில், வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீரில் குமிழி நிற்காமல் வருகிறதா? ஆயில் குச்சியில் பால் காபி நிறமா? சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகையா? அப்படியென்றால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கிறது. ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், சில மாதத்தில் மறுபடி வருவீர்கள்.

நான் தொழில் கற்ற வயதில், கொதித்து நின்ற டீசல் வண்டி மேல் ஒரு குடம் குளிர்ந்த தண்ணீரை அப்படியே ஊற்றினேன். ஹெட் வெடித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

திருப்பத்தூர்: ஏலகிரி ஏறும்போது பாதி வளைவிலேயே முள் ஏறினால்?

14 வளைவையும் ஏசியோடு மூன்றாம் கியரில் முக்கி முக்கி ஏற்றாதீர்கள். கியரைக் குறைத்தால் வாட்டர் பம்ப் வேகமாகச் சுற்றும். ஏசியை அணைத்து ஹீட்டரை முழுக்க வையுங்கள். உள்ளே வியர்க்கும், எஞ்சின் பிழைக்கும். அப்படியும் ஏறினால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது மூடியில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. சிவப்பில் நின்ற முள் திடீரென்று கீழே விழுந்தால் ஆறிவிட்டது என்று கிளம்பாதீர்கள். உள்ளே கூலன்ட் தீர்ந்து, சென்சார் நீரில் படாமல் நிற்கலாம்.