நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டது, இனி கோர்ட்டா?

கேள்வி: அண்ணா, நாடுகடத்தலுக்கு முன் செய்யும் ஆபத்து மதிப்பீட்டில் தம்பியின் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். கனடா ஃபெடரல் கோர்ட் அவனுக்குப் பாதுகாப்புக் கொடுக்குமா? – வாசகி, ஸ்காபரோ

பதில்: தங்கச்சி, உங்களுக்கு உடனே போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முடிவு கைக்கு வந்ததிலிருந்து 15 நாட்களுக்குள், மறுஆய்வுக்கு அனுமதி கேட்டு ஃபெடரல் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். கட்டணம் 50 டாலர்.

கோர்ட் தானாகப் பாதுகாப்பு வழங்காது. அதிகாரியின் முடிவு நியாயமானதா என்றுதான் பார்க்கும். 2019இல் கனடா உச்ச நீதிமன்றம் வவிலோவ் வழக்கில் வகுத்த அளவுகோல் அது. பிழை கண்டால், வேறோர் அதிகாரி மறுபடி பார்க்கும்படி அனுப்பும். அதனால் 'ஊரில் ஆபத்து' என்று திரும்பவும் சொன்னால் மட்டும் எடுபடாது. வழக்கறிஞர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலையில் நான் அடிக்கடி பார்த்தது இது: ஆதாரமாகக் கொடுத்த அம்மாவின் கடிதத்தை, 'உறவினர் எழுதியது' என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கியிருப்பார்கள். அதிகாரியின் பிழை என்று பிடித்துக்கொள்ள வேண்டியது முடிவிலுள்ள அந்த வரியைத்தான். எனவே முடிவின் காரணங்களை முழுதாக வாங்கி, வரிவரியாகப் படியுங்கள்.

அப்புறம், பலர் இடறுவது இங்கேதான்: இந்த மனுவைப் போட்டதும் நாடுகடத்தல் தானாக நிற்காது. அனுப்பும் தேதி குறித்துவிட்டால் தனியாகத் தடையுத்தரவு கேட்க வேண்டும். அதற்கு, அனுப்பினால் ஈடுசெய்ய முடியாத பாதிப்பு வரும் என்பதையும் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் லீகல் எய்ட் ஒன்டாரியோவுக்கு, முடிவு கைக்கு வந்த அன்றைக்கே போன் போடுங்கள்.