பனிக்கால கேலரி: வாசகர் கேள்வி – பதில்

மார்கழியில் பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகிற சென்னைவாசிகள் பலர், அங்கே ஒரு கால்பந்து ஆட்டத்தையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அவர்களிடமிருந்தும், குளிர் ஊர்களுக்கு ஆடப் போகிறவர்களிடமிருந்தும் வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

மயிலாப்பூர் வாசகர்: லண்டனில் டிசம்பர் 26 அன்று நடக்கும் ஆட்டத்துக்கு மகன் டிக்கெட் எடுத்திருக்கிறான். எனக்கு 61 வயது. அன்று 2 டிகிரி இருக்கும் என்கிறான். ஊட்டியில் அந்தக் குளிரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் போதாதா?

போதாது. ஊட்டியில் நீங்கள் நடந்துகொண்டிருந்திருப்பீர்கள், குளிர் தாங்கவில்லை என்றால் அறைக்குள் போயிருப்பீர்கள். கேலரியில் அசையாமல் உட்கார வேண்டும். ஆட்டம் 90 நிமிடம், இடைவேளை 15 நிமிடம், காயங்களுக்காகக் கூட்டித் தரும் சில நிமிடங்கள், அரை மணி முன்னதாக உள்ளே போவது, முடிந்ததும் ரயில் நிலைய வாசலில் வரிசை என்று எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அசையாத உடம்பு சூட்டைக் குறைவாகத்தான் உண்டாக்கும். காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2 டிகிரி குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 4 போலத்தான் இருக்கும். மாலை 3 மணி ஆட்டமாக இருந்தால் இடைவேளை முடிவதற்குள் சூரியன் மறைந்துவிடும். இரண்டாம் பாதி முழுக்க இரவுக் குளிர்.

உடம்போடு ஒட்டியிருக்கும் முதல் உடைதான் முக்கியம். நம் ஊர்ப் பருத்தி பனியனை அதற்குப் போடவே கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும், அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். பாலியெஸ்டர் தெர்மலோ மெல்லிய கம்பளித் தெர்மலோ மேலும் கீழும் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், இடுப்புக்குக் கீழே இறங்குகிற நீளத்தில். கனமான ஒரே கோட்டைவிட இந்த மூன்று அடுக்கு மேல், ஏனென்றால் அடுக்குகளுக்கு இடையில் நிற்கிற காற்றுதான் சூட்டைக் காக்கிறது. மங்கி குல்லா நல்லது, கொண்டுபோங்கள். கழுத்துக்கு மஃப்ளரும் வேண்டும்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, ரயிலைப் பிடிக்க வேகமாக நடந்து, உள்ளே வியர்த்துவிடுவார்கள். கேலரியில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் அந்த வியர்வை சில்லிட்டு உதறல் எடுக்கும். நடக்கும்போது ஜிப்பைத் திறந்து விடுங்கள், ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இருக்கைக்கு வந்த பிறகு மூடிக்கொள்ளுங்கள்.

இனி பாதம். கேலரிக் குளிர் தலையிலிருந்து இறங்குவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். கான்கிரீட் உங்கள் பாதச் சூட்டை மூன்று மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாக்ஸை இரண்டு மூன்றாகப் போட்டு ஷூவுக்குள் திணித்தால் நிலைமை மோசமாகும். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், உள்ளே விரலை ஆட்ட இடம் இருக்கிற, வழக்கத்தைவிட ஒரு சைஸ் பெரிய ஷூ, அடிப்பகுதி தடியாக. காலடியில் போட ஒரு துண்டு அட்டை அல்லது நாலாக மடித்த செய்தித்தாள். இங்கிலாந்து ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை இது, காசு செலவில்லாமல் பெரிய வித்தியாசம் தெரியும். உட்காரும் இடத்துக்கும் மடித்த ஃபோம் ஷீட் ஒன்று இருந்தால் நல்லது. பல கிளப்புகள் ஏ4 தாள் அளவுக்கு மேற்பட்ட பையையும், சில கிளப்புகள் பிளாஸ்க்கையும் உள்ளே விடுவதில்லை. கிளப்பின் இணையதளத்தில் முன்பே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெரம்பூர் வாசகர்: கையைச் சூடாக்கும் சின்னப் பொட்டலங்கள் விற்கிறார்களே, அவை உண்மையிலேயே வேலை செய்யுமா? நண்பர் வாங்கியது பாதி ஆட்டத்திலேயே ஆறிவிட்டதாம்.

வேலை செய்யும். உள்ளே இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம் இருக்கும். உறையைக் கிழித்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும், அந்த வினையில்தான் சூடு வருகிறது. ஆகவே காற்று கிடைக்காவிட்டால் சூடும் கிடைக்காது. இறுக்கமான கையுறைக்குள்ளோ பாக்கெட்டின் அடியிலோ நசுங்கிக் கிடந்தால் ஆறித்தான் போகும். வெளியே எடுத்து நன்றாகக் குலுக்கி ஒரு நிமிடம் காற்றில் காட்டினால் பெரும்பாலும் மறுபடி சுடும். மைதானத்துக்குள் நுழைவதற்குக் கால் மணி நேரம் முன்பே உறையைப் பிரித்துவிடுங்கள், சூடேற நேரம் பிடிக்கும். ஷூவுக்குள் வைக்கக் கால்விரலுக்கென்றே தனியாக விற்கிறார்கள். குறைந்த காற்றில் வேலை செய்யும்படி தயாரித்தவை அவை. கைக்கு உள்ளதைக் காலுக்கு வைத்தால் பயன் தராது.

தோலின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். குளிரில் மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஷூவுக்குள் இதை வைக்கவே வேண்டாம். ஆட்டம் முடிந்தும் சூடு மிச்சம் இருந்தால் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். வினை நின்றுவிடும், மறுநாள் எடுத்துப் பயன்படுத்தலாம்.

கையுறையில், ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் அதிகச் சூடு தரும். உள்ளே மெல்லிய கையுறை, மேலே மிட்டன் என்று போட்டால் டிக்கெட் காட்டும்போது வெறுங்கையாக நிற்க வேண்டியதில்லை.

புரசைவாக்கம் வாசகர்: குளிருக்கு இதமாக ஒரு மடக்கு பிராந்தி?

வேண்டாம். மது தோலுக்கு அருகிலுள்ள ரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் சூடாக இருப்பது போலத் தோன்றும், உள்சூடோ வெளியே போய்க்கொண்டிருக்கும். இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மது அருந்துவதை 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. இடைவேளையில் சூடான டீ குடியுங்கள். அங்கே பலர் குடிப்பது போவ்ரில், மாட்டிறைச்சிச் சாற்றில் செய்தது. சைவர்கள் கேட்டு வாங்குங்கள்.

வியாசர்பாடி வாசகர்: எங்கள் அணி ஜனவரியில் ஸ்ரீநகரில் ஆடப் போகிறது. பந்துக்கு இங்கேயே காற்றடித்து எடுத்துப் போகலாமா? குளிரில் பந்து இறங்கிவிடும் என்கிறார்கள்.

இறங்கும் என்பது உண்மை. சென்னையில் 32 டிகிரி வெயிலில் 11.5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்த பந்தை, கடல் மட்டத்திலுள்ள ஓர் ஊரில் 0 டிகிரியில் வைத்தால் கேஜ் என்கிற அழுத்தமானி ஏறக்குறைய 8.7 காட்டும். விதிப்படி குறைந்தபட்சம் 8.5, அதிகபட்சம் 15.6. விளிம்புக்கு வந்துவிட்டது. ஆனால் ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. கேஜ் காட்டுவது பந்துக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள அழுத்தத்தின் வித்தியாசத்தைத்தான். 5 டிகிரியில் அதே பந்து அங்கே மறுபடி 11.5-ஐ ஒட்டியே காட்டும். குளிர் குறைப்பதை உயரம் ஈடுகட்டிவிடுகிறது. எண் சரியாக இருந்தாலும் பந்தின் தோலும் உள்ளே காற்று நிற்கிற பிளாடரும் குளிரில் விறைத்துப்போவதால் துள்ளல் குறையும், தலையில் வாங்கினால் வலிக்கும். பயணத்துக்குக் காற்றைப் பாதி இறக்கிக்கொண்டு போங்கள். அங்கே மைதானத்தில் அரை மணி வெளியே வைத்த பிறகு அடித்து, கேஜில் பாருங்கள். விடுதி அறைச் சூட்டில் அளந்தால் தப்பாக வரும்.

உறைந்த புல்தரையில் ஷூவின் அடியிலுள்ள நீளக் குமிழ்கள் (ஸ்டட்) இறங்காது, சறுக்கும். குட்டையான நிறைய குமிழ்கள் உள்ள ஷூ எடுத்துப் போங்கள். டிசம்பர் 21 முதல் 40 நாள் அங்கே சில்லை கலான் என்கிற கடுங்குளிர்க் காலம். மாற்று வீரர்கள் பெஞ்சில் போர்வையோடு உட்கார வேண்டும், இறங்குவதற்கு முன் வழக்கமான வார்ம்-அப்பை இரட்டிப்பாக்க வேண்டும்.

அண்ணா நகர் வாசகர்: குளிருக்காகவே ரசிகர்கள் இன்றும் பேசுகிற ஆட்டங்கள் எவை?

முதலில் சொல்ல வேண்டியது ஓர் ஆட்டத்தை அல்ல, ஒரு பருவத்தை. 1962–63 குளிர்காலத்தில் இங்கிலாந்து உறைந்து கிடந்தது. இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று ஜனவரி 5-இல் தொடங்கி மார்ச் 11-இல்தான் முடிந்தது. ஹாலிஃபாக்ஸ் டவுன் கிளப் தன் மைதானத்தைப் பொதுமக்கள் பனிச்சறுக்கு விளையாடத் திறந்துவிட்டது. ஆட்ட முடிவுகளை ஊகித்துப் பணம் கட்டும் பந்தயச் சீட்டுக்காரர்களுக்காக, நடக்காத ஆட்டங்களின் முடிவை முன்னாள் வீரர்கள் அடங்கிய குழு கூடித் தீர்மானித்தது.

அதற்கும் முன்னால், 1937 கிறிஸ்துமஸ் அன்று செல்சியின் மைதானத்தில் மூடுபனி இறங்கி ஆட்டம் கைவிடப்பட்டது. எதிரணியான சார்ல்டனின் கோல்கீப்பர் சாம் பார்ட்ராமுக்கு அது தெரியாது. தன் அணி எதிர்முனையில் நெருக்கிக்கொண்டிருக்கிறது என்று நம்பி, போலீஸ்காரர் ஒருவர் வந்து சொல்லும்வரை கோல் வாசலிலேயே நின்றார்.

நம் காலத்தில் 2013 மார்ச் 22 அன்று கொலராடோவில் நடந்த அமெரிக்கா – கோஸ்டா ரிகா ஆட்டம். கோடுகளே தெரியாத அளவுக்குப் பனி கொட்டியது, ஆட்டத்தை நிறுத்தி மண்வாரியால் கோடுகளைத் திறந்துவிட்டார்கள். அமெரிக்கா 1–0. கோஸ்டா ரிகாவின் புகாரை ஃபிஃபா ஏற்கவில்லை, செப்டம்பரில் சொந்த ஊரில் 3–1 என்று அவர்கள் கணக்கைத் தீர்த்தார்கள். 2021 நவம்பர் 16 அன்று எட்மன்டனில் மைனஸ் 9 அளவில் கனடா மெக்ஸிகோவை 2–1 என்று வென்றது. 44 ஆயிரம் பேர் அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். கோலைக் கொண்டாட சாம் அடெகுக்பே மைதான ஓரத்துப் பனிக்குவியலில் பாய்ந்து விழுந்தார். 1986-க்குப் பிறகு முதல் முறையாகக் கனடா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற சுற்று அது. 2025 பிப்ரவரி 19 அன்று கான்சாஸ் சிட்டியில், மைனஸ் 16-ஐ ஒட்டிய குளிரில் மெஸ்ஸி கோல் அடித்தார். பனிப்புயலால் ஒரு நாள் தள்ளி வைத்த ஆட்டம் அது.

இவற்றில் எட்மன்டனுக்கே எங்கள் ஓட்டு. குளிரைச் சகித்துக்கொண்ட கூட்டம் அல்ல அது, குளிரையே தங்கள் அணியின் பலமாக்கிய கூட்டம்.

தாம்பரம் வாசகர்: பனியால் ஆட்டம் ரத்தானால் டிக்கெட் காசு?

பொதுவாக அதே டிக்கெட் மறுதேதி ஆட்டத்துக்குச் செல்லும். பணம் திரும்பக் கிடைப்பது கிளப்பைப் பொறுத்தது. நீங்கள் அதற்குள் விமானம் ஏறிவிடுவீர்கள் என்றால் விதியை முதலிலேயே படியுங்கள், ஊருக்குத் திரும்பும் முந்தின நாள் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரிய கிளப்புகளில் புல்லுக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுவதால் தரை உறைவது அரிது. 1958-இல் எவர்டன் மின்கம்பிகளைப் புதைத்து இதைத் தொடங்கியது. உருகிய தண்ணீர் வடியப் பழைய வடிகால் போதாமல், பிறகு தரையைத் தோண்டி வடிகாலை மாற்றினார்கள். இன்று ஆட்டம் ரத்தாவது பெரும்பாலும் படிக்கட்டும் சாலையும் வழுக்குவதால்தான். மைதானம் பச்சையாகத் தெரிகிறதே என்று நம்பிக் கிளம்ப வேண்டாம், காலையில் கிளப் அறிவிப்பைப் பாருங்கள்.

ராயபுரம் வாசகர்: டிக்கெட் கைப்பேசியில்தான் இருக்கிறது. குளிரில் போன் அணைந்துவிடுமாமே?

அணையலாம். குளிரில் லித்தியம் பேட்டரி தேவையான மின்சாரத்தைத் தர முடியாமல், 30 சதவீதம் இருக்கும்போதே போன் நின்றுவிடும். ஜாக்கெட்டின் உள் பாக்கெட்டில், உடம்புச் சூடு படும்படி வையுங்கள். பவர் பேங்கும் அங்கேயேதான். டிக்கெட்டை இணையம் இல்லாமலும் திறக்கும்படி போனிலுள்ள வாலட் செயலியில் சேர்த்துவிடுங்கள்.

திருவான்மியூர் வாசகி: என் 9 வயது மகனுக்கு வீசிங் உண்டு. மான்செஸ்டரில் ஆட்டத்துக்கு அழைத்துப் போகலாமா?

கிளம்பும் முன் அவனுடைய மருத்துவரிடம் கேளுங்கள், ஆட்டத்துக்கு முன் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும். குளிர்ந்த உலர் காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடி, மூக்கால் மூச்சு விடப் பழக்குங்கள். இன்ஹேலர் பையில் இருந்தால் சில்லிட்டு மருந்து சரியாக வராது, உங்கள் உள் பாக்கெட்டில் வையுங்கள். கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வையுங்கள். விரலோ காதோ வெளிறி, மெழுகு போல ஆகி, உணர்ச்சி இல்லை என்றால் உள்ளே அழைத்துப் போய், விரலை உங்கள் அக்குளில் வைத்தும் காதை உள்ளங்கையால் பொத்தியும் சூடேற்றுங்கள். தேய்க்கவோ கொதிக்கிற நீரில் வைக்கவோ கூடாது. உணர்ச்சி திரும்பாவிட்டால் முதலுதவி அறைக்குப் போங்கள். நடுக்கம் மட்டும் என்றால் உள்ளே அழைத்துப் போய்ச் சூடேற்றுங்கள். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தூங்கப் பார்த்தால், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் உடனே அங்கிருக்கும் ஊழியரை அழையுங்கள். ஒவ்வொரு கேலரி வாசலிலும் பளிச்சென்ற நிற ஜாக்கெட்டில் ஒருவர் நிற்பார்.