பெண்களின் வேலைப் பங்கேற்பு கூடினால் வருமான ஏற்றத்தாழ்வு குறைந்ததாகக் கொள்ளலாமா?

கூடாது. இந்தியாவின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் 15 வயதும் அதற்கு மேலுமான பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7. ஆனால் குடும்ப வயலிலோ கடையிலோ கூலியின்றி உழைப்பவரும் இதில் வேலையில் இருப்பவரே. ‘வழக்கமான நிலை’ அளவீட்டில், ஆண்டில் 30 நாள் துணைவேலை பார்த்திருந்தாலே போதும். கூடியதில் பெரும்பங்கு கிராமப்புறச் சுயதொழில்தான்.

இந்தக் கணக்கெடுப்பின் தனிநபர் தரவை எடுத்து ஆராய்ந்தால், முதலில் பணிநிலைக் குறியீட்டைப் பிரித்துப் பாருங்கள்: 11 சொந்தத் தொழில், 21 ஊதியமில்லா உதவியாளர், 31 மாதச் சம்பளம், 51 தினக்கூலி. 21க்கு வருமானப் பதிவே கிடையாது. அவர்களை விட்டுவிட்டு ஜினி கெழு (வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்) போட்டால் ஏற்றத்தாழ்வு குறைவாகவே தெரியும். அந்தப் பெண்களின் உழைப்பு கணக்கிலிருந்தே மறைந்துபோகும். தினக்கூலி வருமானம் 7 நாளுக்கும் சுயதொழில் வருமானம் 30 நாளுக்கும் கேட்கப்படுகிறது. ஒரே கால அளவுக்கு மாற்றாமல் ஒப்பிடாதீர்கள்.