மாதம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்: கடன் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கணவர் ஓட்டோ ஓடுகிறார், நான் வீட்டில் தையல். குடி இல்லை, அநாவசியமாக ஒன்றும் வாங்குவதும் இல்லை. ஆனாலும் 2022இலிருந்து கடன் குறையவே இல்லை. எங்கே பிழை விடுகிறோம்?
(கொட்டாஞ்சேனை)

பதில்: அக்கா, முதலில் உங்களை நீங்களே குற்றம் சொல்வதை நிறுத்துங்கள். கடன்பட்டவர் என்றாலே ஊதாரி என்று நம் சனம் முடிவுகட்டிவிடுகிறது. எனக்கு வரும் கடிதங்களைப் பார்த்தால் அப்படி இல்லை, கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற வீடுகளில் இருந்துதான் நிறைய வருகின்றன.

2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தன் வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது, செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம், பெற்றோல் வரிசையில் நின்ற நாளெல்லாம் ஓட்டோவுக்கு வருமானம் இல்லாத நாள். அப்போது அரிசிக்கும் பால்மாவுக்கும் வாங்கிய கைமாற்றை எந்த நியாயத்தில் ஊதாரித்தனம் என்பது? அதற்குப் பிறகு பணவீக்கம் இறங்கியது என்கிறார்கள், உண்மைதான். ஆனால் விலை 2022க்கு முந்தைய இடத்துக்குத் திரும்பவில்லை. உழைப்பு அந்த அளவுக்கு ஏறாத வீட்டில் மாதாமாதம் ஒரு பள்ளம் விழுகிறது, அதைக் கடன் நிரப்புகிறது.

இன்னொரு காரணமும் உங்கள் வீட்டில் இருக்கிறது. வருமானம் நாளாந்தம், அதுவும் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. ஓட்டோவை எடுத்த லீசிங் கடனின் தவணையோ மாதத்தில் ஒரே திகதியில் மொத்தமாக நிற்கிறது. மழைக் கிழமை ஒன்று வந்தால் தவணை பிந்தும், தண்டப்பணம் விழும், அதைக் கட்ட இன்னொருவரிடம் கைநீட்ட வேண்டி வரும். ஒரு கொப்பியில் எல்லாக் கடனையும் எழுதுங்கள், யாருக்கு எவ்வளவு என்பதோடு எதற்காக எடுத்தது என்பதையும். "பழைய கடன் கட்ட" என்று எத்தனை இடத்தில் எழுத வேண்டி வருகிறது என்று பாருங்கள், பிழை அங்கேதான். அப்புறம் தவணை பிந்துவதற்கு முன்பே லீசிங் அலுவலகத்துக்குப் போய், திகதியை மாற்றவோ காலத்தை நீட்டவோ முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். நீட்டினால் மொத்த வட்டி எவ்வளவு கூடும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: வட்டியே இல்லாமல் 24 மாதத் தவணையில் போன் தருகிறார்கள். மாதம் 9 ஆயிரம் எனக்குக் கட்டக்கூடிய தொகைதான். வாங்கலாமா?
(வெள்ளவத்தை)

பதில்: தம்பி, போனின் விலையை எழுதவே இல்லையே நீங்கள். 2 லட்சத்து 16 ஆயிரம். நீங்கள் எழுதியது 9 ஆயிரம் மட்டும். இதைப் பற்றி எனக்கு நீண்ட நாளாகக் கோபம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைக்காரர் "மாதம் எவ்வளவு கட்டலாம்" என்று கேட்கிற இடத்தில்தான் நம்மில் பலருடைய கடன் தொடங்குகிறது. அந்தக் கேள்வி வந்ததும் பொருளின் விலை மறைந்துவிடும், பேச்செல்லாம் உங்கள் சம்பளத்தில் மிச்சம் என்ன என்பது பற்றியே நடக்கும். 9 ஆயிரம் போனுக்கு, 6 ஆயிரம் டீவிக்கு, 4 ஆயிரம் சலவை இயந்திரத்துக்கு என்று தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே கட்டக்கூடியவை. சேர்த்துப் பார்த்தால் சம்பளம் வந்த அன்றே 19 ஆயிரம் போய்விடுகிறது, அதுவும் இரண்டு வருடத்துக்கு. அந்த இரண்டு வருடத்தில் ஒருவருக்கும் நோய் வராது, வேலை போகாது என்று யார் உங்களுக்குச் சொன்னது?

வட்டி இல்லை என்பதையும் அப்படியே எடுக்காதீர்கள். முழுக்காசும் கையில் தந்தால் என்ன விலை என்று கேளுங்கள். விலை குறைந்தால் அந்த வித்தியாசம்தான் உங்கள் வட்டி. சில இடங்களில் அது சேவைக் கட்டணம் என்ற பெயரில் வரும். கொழும்பில் ஒரு கடையில் தவணைக்கு நான் வாங்கிய பிரிட்ஜுக்கு ஆவணக் கட்டணமும் காப்புறுதியும் இருக்கின்றன என்று கையெழுத்து வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். விலைச்சீட்டில் அது ஒரு எழுத்தும் இல்லை. இப்படிச் செய்வது ஏமாற்றுத்தான், அதற்கு வேறு பெயர் இல்லை.

வட்டி என்று வெளிப்படையாகச் சொல்லும் கடனிலும் இதே கதை. ஒரு லட்சம் கடன், மாதம் 2 சதவீதம், 12 மாதம் என்கிறார்கள். வருடத்துக்கு 24 சதவீதம்தானே என்று நினைப்பீர்கள். மொத்தம் 1 லட்சத்து 24 ஆயிரம், மாதம் 10,333 ரூபாய். ஆனால் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கொடுத்து வருகிறீர்கள், கடைசி மாதத்தில் உங்கள் கையில் இருப்பது அந்த லட்சத்தில் சிறு பங்குதான். வட்டியோ கடைசிவரை முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 42 சதவீதம். எனவே எங்கே போனாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எல்லாம் சேர்த்து நான் கட்டப்போகும் மொத்தக் காசு எவ்வளவு? வட்டி குறைந்துவரும் மீதிக்கா, முழுக் கடனுக்கா? பதில் தர இழுக்கிற இடத்தில் பேனையை எடுக்காதீர்கள்.

போனை வாங்கலாமா என்றால், வேண்டாம்.

கேள்வி: ஒரு கடன் அட்டையில் 2 லட்சம் நிற்கிறது. மாதாமாதம் ஆகக்குறைந்த தொகையைக் கட்டி வருகிறேன். இப்போது இன்னொரு வங்கி அட்டை தருகிறது. எடுத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் அல்லவா?
(தெமட்டகொட)

பதில்: எடுக்காதீர்கள். வட்டி வருடத்துக்கு 28 சதவீதம், ஆகக்குறைந்த தொகை மீதியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு சதமும் செலவழிக்காமல் ஒரு வருடம் கட்டினால், உங்கள் கையில் இருந்து போவது 1 லட்சத்து 5 ஆயிரம் அளவில், கடன் குறைவது 57 ஆயிரம் அளவில்தான். நீங்கள் செலவும் செய்கிறீர்கள் என்று கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள், இரவுச் சாப்பாடு வரைக்கும் அட்டையில்தான் வாங்குகிறீர்களாம். அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வங்கிக்குப் போய், இந்த மீதியைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் அட்டையைத் தேய்ப்பதாக இருந்தால் எனக்கு எழுதிப் பயனில்லை.

கேள்வி: அம்மாவின் மருந்துக்காக போன் செயலி ஒன்றில் 15 ஆயிரம் எடுத்தேன். கையில் வந்தது அதைவிடக் குறைவு. ஒரு நாள் பிந்தியதும் என் போனில் இருந்த எல்லோருக்கும், வேலையிடத்து மேலாளருக்கும் கூட, நான் கள்ளி என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். வேலைக்குப் போகவே வெட்கமாக இருக்கிறது.
(வத்தளை)

பதில்: தங்கச்சி, வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். கடன் பிந்துவது குற்றச்செயல் அல்ல, ஒருவரைக் கள்ளி என்று ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள், வந்த அழைப்புகளின் இலக்கத்தையும் நேரத்தையும் எழுதுங்கள், அவற்றோடு பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு என்று தனியாகவே இருக்கிறது. உரிமம் பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ இப்படி நடந்திருந்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கும் சொல்லலாம், ஆனால் இந்தச் செயலிகளில் பல அந்த வேலிக்கு வெளியே நிற்பவை. போனில் செயலிக்குக் கொடுத்த அனுமதிகளை நீக்குங்கள். மேலாளரிடம் நீங்களே நேரில் போய் நடந்ததைச் சொல்லுங்கள். வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது எடுங்கள், இன்னொரு செயலியில் எடுத்து மட்டும் கட்டாதீர்கள்.

கேள்வி: மச்சானின் வான் லீசிங்குக்குப் பிணை நின்றேன். அவர் கட்டவில்லை, இப்போது எனக்குக் கடிதம் வருகிறது. நான் ஒரு ரூபாயும் எடுக்கவில்லையே!
(மட்டக்குளி)

பதில்: எடுக்கவில்லை, ஆனால் அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று கையெழுத்து வைத்தீர்கள். வானைப் பறித்து விற்று, அதற்கும் மேல் குறைகிற தொகையைக் கூட உங்களிடம் கேட்க முடியும். கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும், அதுதான் நாம் கிரிப் என்பது, நீங்கள் பிணை நின்ற கடன் தெரியும். நீங்கள் கட்ட நேர்ந்தால் அதை மச்சானிடம் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் உரிமை உண்டு, ரசீதுகளை விடாதீர்கள். மச்சானையும் கூட்டிக்கொண்டு இந்தக் கிழமையே லீசிங் அலுவலகத்துக்குப் போங்கள். குடும்பத்தில் கசப்பு வரும் என்று பேசாமல் இருப்பதால் வட்டி நிற்காது.

கேள்வி: மகளின் சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுக்க நகையை அடகு வைக்கலாமா?
(தெஹிவளை)

பதில்: வேண்டாம். வீட்டில் செய்யுங்கள். நகை ஏலத்துக்குப் போனால் அதே மகளின் கலியாணத்துக்கு என்ன செய்வீர்கள்?

கேள்வி: மகனின் கடனை ஏற்கனவே இரண்டு தடவை என் சேமலாப நிதிக் காசில் அடைத்தேன். மறுபடியும் வந்து நிற்கிறான். எதற்கு என்று கேட்டால் கோபம் வருகிறது. மூன்றாம் தடவையும் கொடுக்கலாமா?
(பம்பலப்பிட்டி)

பதில்: ஐயா, எதற்கு என்று தெரியாமல் அடைத்த கடன் திரும்பி வரும். கேள்விக்குக் கோபம் வருகிறது என்றால் சொல்ல முடியாத காரணம் ஒன்று இருக்கிறது: இணையச் சூதாட்டமாக இருக்கலாம், போன வேலையை மறைப்பதாக இருக்கலாம், வட்டிக்காரர் ஒருவரின் மிரட்டலாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. அவன் கையில் காசு கொடுக்காதீர்கள். மூன்று மாத வங்கிக் கூற்றை மேசையில் வைத்து, திட்டாமல், அவனோடு இருந்து பாருங்கள். சூதாட்டம் என்று தெரிந்தால் அது கணக்கோடு முடிகிற விஷயம் இல்லை, தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எடுத்துப் பேசுங்கள். உங்கள் முதுமைக்கு மிஞ்சிய காசில் கை வைப்பதற்கு முன்னால் இதெல்லாம் நடக்க வேண்டும்.

கேள்வி: 25 ஆயிரம் தந்தால் கிரிப்பில் இருந்து என் பெயரை அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
(கிராண்ட்பாஸ்)

பதில்: நம்பாதீர்கள். காசுக்கு அழித்துத் தர அவரால் முடியாது. பதிவு பிழை என்றால் உங்கள் அறிக்கையை எடுத்துக்கொண்டு கடன் தந்த நிறுவனத்திடம் எழுத்தில் திருத்தம் கேளுங்கள். பதிவு சரி என்றால் அந்த 25 ஆயிரத்தைக் கடனுக்கே கட்டுங்கள். ஏற்கனவே அவருக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே பொலிசுக்குப் போங்கள்.