நாடற்ற ஓவியரின் தன்னுருவப்படம் சொல்லும் உணர்வு என்ன?

பெலிக்ஸ் நுஸ்பாம் 1943 அளவில் வரைந்த, அடையாள அட்டையேந்திய தன்னுருவப்படத்தில் தெரிவது அச்சம் மட்டுந்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அச்சம் உண்டு, ஆனால் பிறந்த ஜெர்மனிக்குத் திரும்ப முடியாமல் பிரசெல்ஸில் ஒளிந்து வாழ்ந்த அந்த யூத ஓவியர், உயர்ந்த மதிலின் மூலையில் அகப்பட்டவராக, மேலங்கியில் யூதர்களை அடையாளப்படுத்த நாஜிகள் அணியச் செய்த மஞ்சள் நட்சத்திரம் தெரிய நம்மையே உற்றுப் பார்ப்பதில் அவமானமும் அதற்குப் பணியாத நிமிர்வும் கலந்திருக்கின்றன. அட்டையை நெருங்கிப் பாருங்கள்: பிறந்த ஊர் மங்கலாக்கப்பட்டிருக்கிறது, நாட்டுரிமைக்கான இடத்தில் ‘இல்லை’ என்று பொருள்படும் சொல்லே இருக்கிறது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய தோட்டத் தொழிலாளரின் பேரனாக, லயத்து வீட்டின் டிரங்குப் பெட்டிக்குள் தாத்தா பொத்திவைத்திருந்த பிரஜாவுரிமைக் கடிதங்களைத் தொட்டுப் பார்த்தே ஹட்டனில் வளர்ந்த எனக்கு, அந்த ஒற்றைச் சொல்தான் ஓவியத்தின் மையமாகப் படுகிறது. மதிலுக்கு அப்பால் கிளைகள் வெட்டப்பட்ட மரமொன்று நிற்கிறது. 1944இல் நுஸ்பாம் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.