அண்ணாவின் பங்கை உங்கள் கணக்கில் வைக்காதீர்கள்

கேள்வி (சுருக்கம்): அப்பா சென்ற ஆண்டு காலமானார். அவருடைய மரணசாசனம் ஸ்காபரோ வீட்டையும் சேமிப்பையும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்கிறது, நிறைவேற்றுநர் (சாசனப்படி சொத்தைப் பிரித்துக் கொடுப்பவர்) நான். 44 வயதான அண்ணா பிறவியிலேயே அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்; ஓடிஎஸ்பி (ஒன்ராறியோ அரசின் ஊனமுற்றோர் உதவித் திட்டம்) கொடுப்பனவில் வாழ்கிறார். அவருக்கு ஏறத்தாழ 260,000 டொலர் வரும். ஓடிஎஸ்பி நின்றுவிடாமல் இருக்க, ‘எனக்கு வேண்டாம்’ என்று அவரிடம் கையெழுத்து வாங்கி, பணத்தை என் கணக்கில் வைத்து அவரைப் பார்க்கலாமா? அல்லது ஹென்சன் ட்ரஸ்ட் (பணத்தைப் பொறுப்பேற்கும் ட்ரஸ்டியே எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்கும் ஏற்பாடு) போடலாமா? தம்பி அம்மாவின் நகைகளை எடுத்துக்கொண்டார். வீட்டை விற்கவும் விடுகிறார் இல்லை. வழக்குப் போட நினைக்கிறேன்.

பதில்: அப்பாவைக் கடைசிவரை யார் பார்த்தார்கள், தம்பி எத்தனை முறை வந்து எட்டிப் பார்த்தார் என்று நீங்கள் விரிவாக எழுதியிருப்பவை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் மரணசாசனம் சமமாகப் பிரித்துவிட்ட பிறகு அவற்றால் ஒரு சதமும் கூடாது, குறையாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு முக்கியமானது ஒன்றுதான்: அந்த 260,000 டொலர் இப்போது யாருடையது? அது அண்ணாவுடையது.

ஆகவே ஹென்சன் ட்ரஸ்ட் அந்தப் பணத்துக்குப் பொருந்தாது. ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 1989இல் அந்த வகை ட்ரஸ்டை ஏற்றதற்குக் காரணம், தகப்பன் தன் பணத்தை, கொடுப்பதும் கொடுக்காததும் ட்ரஸ்டியின் முழு விருப்பம் என்று எழுதிவைத்ததால், மகளுக்கு அதைக் கேட்டு வாங்கும் உரிமை இருக்கவில்லை என்பதே. உங்கள் அப்பா பங்கை நேரடியாகவே கொடுத்துவிட்டார். எழுதுவதற்கு முன் எவரிடமாவது கேட்டிருக்கலாம். இனி அதைப் பேசிப் பயனில்லை.

உங்கள் முதல் யோசனைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது, ஏனெனில் நல்லெண்ணம் உள்ள சகோதரங்களே பெரும்பாலும் இதில் விழுகிறார்கள். தனக்கு உரிய சொத்தை ஒருவர் விட்டுக்கொடுத்தாலோ, ஈடான பெறுமதியின்றி மாற்றிக்கொடுத்தாலோ, ஓடிஎஸ்பி அதைத் தகுதிக்காகச் செய்த கைமாற்றாகக் கருதிக் கொடுப்பனவைக் குறைக்கலாம், நிறுத்தலாம், ஏற்கெனவே கொடுத்ததை மீளவும் அறவிடலாம். அதாவது பணமும் அவரிடம் இருக்காது, உதவியும் இருக்காது. அதைவிட, தான் எதைக் கைவிடுகிறார் என்று விளங்காத ஒருவரிடம் வாங்கிய கையெழுத்து சட்டத்தின் முன் நிற்காது. அதை வாங்கிய நிறைவேற்றுநரே அந்தக் கைவிடலால் பயனடைகிறவராகவும் இருந்தால், பிற்காலத்தில் நீதிமன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் கணக்கில் இருக்கும் பணம் உங்களுக்குக் கடன் கொடுத்தவர், உங்கள் விவாகரத்து, உங்கள் மரணம் ஆகிய மூன்றுக்கும் திறந்தே கிடக்கும். ‘என் தங்கை அப்படிச் செய்யமாட்டாள்’ என்று அண்ணா உங்களை நம்புவது சரிதான். தங்கை இறந்தபின் அவளுடைய கணவர் என்ன செய்வார் என்பதை எவரும் கேட்பதில்லை.

செய்யக்கூடியது இருக்கிறது. தனி நபருக்கு ஓடிஎஸ்பி அனுமதிக்கும் சொத்து எல்லை 40,000 டொலர். ஆனால் பரம்பரைச் சொத்தாகவோ ஆயுள் காப்புறுதியிலிருந்தோ வந்த பணத்தில் 100,000 டொலர் வரை அவருக்கான ஒரு ட்ரஸ்டில் வைத்தால் அது அந்த எல்லைக்குள் எண்ணப்படாது. உள்ளேயே சேரும் வட்டியும் அந்த 100,000க்குள் அடங்க வேண்டும் என்பதால் விளிம்புவரை நிரப்ப வேண்டாம். மிகுதியை ஆர்டிஎஸ்பியில் (ஊனமுற்றோருக்கான பதிவுசெய்யப்பட்ட சேமிப்புத் திட்டம்) இடலாம். அதற்கு அவருக்கு ஊனமுற்றோர் வரிச்சலுகை அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும், வாழ்நாள் பங்களிப்பு எல்லை 200,000 டொலர். அரசாங்க மானியம் 49 வயதுவரை கிடைக்கும்; ஆனால் மானியம் பெற்ற கணக்கிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் பணம் எடுத்தால் எடுக்கும் ஒவ்வொரு டொலருக்கும் மூன்று டொலர் வரை மானியத்தைத் திருப்பிக் கட்ட நேரும். அடுத்த சில ஆண்டுகளுக்குத் தேவையான பணம் அங்கே போகக்கூடாது.

இவை அனைத்தும் பங்கைப் பிரிப்பதற்கு முன்னரே ஆயத்தமாகி, ஓடிஎஸ்பி அலுவலருக்கு எழுத்தில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த ஏற்பாடுகள் இல்லாமல் நேரடியாகக் கைக்கு வந்த பணம் அந்த மாதத்தின் வருமானமாகவும் அதன்பின் சொத்தாகவும் எண்ணப்படும். அண்ணாவின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரமும் உங்களுக்கு இல்லை. நிறைவேற்றுநர் என்பது அப்பாவின் சொத்துக்கு மட்டும்தான். சொத்தை நிர்வகிக்க முடியாதவருக்கும் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுத்தில் கொடுக்கும் அதிகாரம்) கொடுக்கும் அளவு விளக்கம் இருக்கக்கூடும், ஏனெனில் சட்டம் அதற்குக் கேட்கும் தகைமை குறைந்தது. முதலில் அதை மதிப்பிடச் செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாவலர்தான் வழி.

தம்பியுடன் சமாதானமாகப் போங்கள். நகைகளின் பெறுமதி வழக்குச் செலவின் முதல் தவணைக்கே காணாது. அந்தச் செலவும் மூவரின் பங்கிலிருந்தும் போகக்கூடும். வீட்டுக்குச் சுயாதீன மதிப்பீடு எடுத்து, தம்பி அந்த விலைக்கு வாங்க விரும்பினால் வாங்கட்டும், இல்லையேல் விற்பனைக்குத் திகதி குறியுங்கள். இணக்கத்துக்காக ஏதாவது விட்டுக்கொடுக்க நேர்ந்தால் அது உங்கள் பங்கிலிருந்து மட்டுமே இருக்கட்டும். அண்ணாவின் பங்கைக் குறைக்கும் உடன்படிக்கை ஓடிஎஸ்பியின் கண்ணில் மறுபடியும் கைமாற்றம்தான். வழக்கு தொடங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓர் உரிமைக் கோரிக்கையைத் தீர்க்கும் உடன்படிக்கை தகைமையற்றவரைக் கட்டுப்படுத்துவதற்கு நீதிமன்ற அனுமதியும் வேண்டும்.

ஹென்சன் ட்ரஸ்ட் உங்களுடைய மரணசாசனத்துக்கு உரியது. அண்ணாவுக்கு நீங்கள் ஏதாவது விட்டுச்செல்ல எண்ணினால் அதை அங்கே எழுதுங்கள். ஆயுள் காப்புறுதியிலும் பதிவுசெய்யப்பட்ட ஓய்வுகாலச் சேமிப்பிலும் அவருடைய பெயரை நேரடிப் பயனாளியாகப் போட்டிருந்தால், அந்தப் பணம் மரணசாசனத்தைத் தொடாமலே அவர் கைக்குப் போகும் என்பதால், அந்தப் படிவங்களை இந்த மாதமே மாற்றுங்கள்.